விட்டுவந்த அடிகள்

ஏரிக்கரைப் பூங்காவில் வெல்டர் தன் தம்பியின் கன்னத்தில் விட்ட அறை, குடும்பம் வேன் ஏறி வீடு திரும்பிய பிறகும் அங்கேயே தங்கிவிட்டது. மறுநாள் காலை நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு வங்கி மேலாளர் அந்த இடத்தில் நின்று சோம்பல் முறித்தபோது அது அவரை அறைந்தது. மூக்குக்கண்ணாடி பறந்து ஏரிக்குள் விழுந்தது. மேலாளர் ஆத்திரத்தோடு திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு வாத்து மட்டும் நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பிறகு பல வருஷம், ஏரி முழுசாகத் தெரியும் என்று ஆசைப்பட்டு யார் அந்த மரத்தடியில் வந்து நின்றாலும் இடது கன்னத்தில் ஒன்று விழுந்தது. பூங்கா நிர்வாகி முதலில் நம்பவில்லை. தானே வாங்கிய பிறகு, ‘இங்கு நிற்பவர்கள் அறையப்படுவார்கள்’ என்று ஒரு பலகை வைத்தார். பலகை வைத்ததும் கூட்டம் இரண்டு மடங்கானது. மாமியாரைக் கைபிடித்து அழைத்துவந்து, “இங்க நின்னு பாருங்க அத்தை, தண்ணி எவ்வளவு அழகா தெரியுது” என்று சொன்ன மருமகன்கள் ஒருவர் இருவர் இல்லை. ஐஸ் வண்டிக்காரர் தின்பதற்குத் தனியாக, கன்னத்தில் வைப்பதற்குத் தனியாக என்று இரண்டு பெட்டி வைத்துக்கொண்டார்.

அந்தக் குடும்பத்தை இடத்துக்கு இடம் ஓட்டிக்கொண்டு போனவள் மூத்தவள். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். தம்பிகள் இரண்டு பேருக்கும் அவள் அக்கா, அதனால் இந்தக் கதையிலும் அக்காதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை கிளட்சை மிதிக்கச் சொன்னால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவர்களோடு குப்பை கொட்டியதில், எந்தச் சுவர் எவ்வளவு பக்கத்தில் வந்தாலும் முகம் மாறாமல் உட்கார்ந்திருக்கப் பழகியவள். ஸ்கூல் வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வேனைக் கேட்டு வாங்கிவருவாள். பிரேக் உள்ள அந்த சீட்டில் அம்மா ஏறி உட்கார்ந்துகொள்வாள். பின்னால் மகன்களில் யாருடைய குரலாவது ஒரு சுதி ஏறினால் போதும், அம்மா பிரேக்கில் ஏறி நிற்பாள். எல்லோரும் முன்னால் வந்து மூக்கை இடித்துக்கொள்வார்கள். அதனால் வேனுக்குள் ஒருநாளும் அடிதடி நடந்ததில்லை. நடந்ததெல்லாம் இறங்கிய பிறகுதான்.

பெரிய தம்பி வெல்டர். சின்னவன் ஜன்னலுக்கும் கடைகளுக்கும் கண்ணாடி அறுத்துப் பொருத்துகிறவன், கண்ணாடிக்காரன் என்றே பெயர். வெல்டருக்கு ஒரு நர்ஸைப் பேசி முடித்திருந்தார்கள். அவள் வீட்டில் ஒரு ஜன்னல் உடைந்திருக்கிறது என்று அண்ணன்தான் தம்பியை அனுப்பிவைத்தான். ஒரே ஒரு கண்ணாடிக்குத் தம்பி நான்கு சாயங்காலம் வேலை பார்த்தான். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நர்ஸும் கண்ணாடிக்காரனும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். சேதி வந்தபோது வெல்டர் பட்டறையில் ஒரு கேட்டுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். சேதி சொன்னவரையே பார்த்துக்கொண்டு, பழுத்த கம்பியை வலது கையால் இறுக்கிப் பிடித்தான். தோல் பொசுங்கும் வாசனை வந்த பிறகும் விடவில்லை. உள்ளங்கையில் குறுக்கே தடித்து, முனையில் இரண்டாகப் பிளந்த ஒரு தழும்பு அவனுக்கு நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. நர்ஸ் அந்த வீட்டில் எல்லோரையும் முறை வைத்துக் கூப்பிட்டாள், வெல்டரை மட்டும் எதுவும் வைத்துக் கூப்பிட்டதில்லை. அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “பெத்தது மூணு. மாசத்துல ஒரு நாள் மூணும் ஒரே வண்டில உக்காரணும். அதுக்கு மேல நான் யாரையும் எதுவும் கேக்க மாட்டேன்.” அம்மாவுக்குப் பழைய மாளிகைகள் என்றால் உயிர். செத்துப்போன பிரபுக்களின் கட்டில்களைப் பார்த்து, “இவ்வளவு அகலத்துல படுத்தா புருஷனைத் தேடவே விடிஞ்சிடும்” என்று சொல்லிச் சிரிப்பதற்காகவே எவ்வளவு தூரமும் வருவாள்.

ஏரிக்கரை அறை அவர்களுடையது என்பது அவர்களுக்கே இரண்டு வருஷம் தெரியாது. மறுபடி அங்கே போனபோது பலகையைப் படித்து அம்மா சிரித்தாள். அக்கா வேனைப் பூட்டிவிட்டு வருவதற்குள், “என்னதான் ஆகுதுன்னு பாப்போமே” என்று போய் நின்றாள். சத்தம் பார்க்கிங் வரை கேட்டது. அம்மா புல்லில் உட்கார்ந்து ஒரு கடைவாய்ப் பல்லைக் கையில் துப்பினாள். அவள் கன்னத்தில் விரல் ஐந்தும் பதிந்திருந்தன. நடுவில் குறுக்கே ஒரு தடித்த கோடு, முனையில் இரண்டாகப் பிளந்திருந்தது. வெல்டர் அந்தக் கன்னத்தைப் பார்த்தான், தன் உள்ளங்கையைப் பார்த்தான், கையைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டான். திரும்பும் வழியில் அம்மா பிரேக்கை மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அதோடு திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. இரண்டு மூன்று மாதம் அடங்கியிருந்தார்கள், பிறகு அருவிக்குப் போனார்கள். அங்கே கண்ணாடிக்காரன் அண்ணனின் இடுப்பில் விட்ட உதை வழுக்குப்பாறையில் தங்கிப்போய், அந்தப் பருவம் முழுக்க ஆட்களைத் தலைகுப்புறத் தண்ணீரில் தள்ளியது. ஒரு பூக்கடைக்காரருக்குத் தோள் நழுவியது. கோட்டையில் வெல்டர் நெற்றியால் முட்டியது பீரங்கி மேடையில் நின்றுவிட்டது. பீரங்கியோடு போட்டோ எடுக்க வந்தவர்கள் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக இறங்கிவந்தார்கள். பழைய நீதிபதி ஒருவரின் பங்களாத் தோட்டத்தில் கண்ணாடிக்காரனின் பத்து விரல்களும் ரோஜாப் பாத்திக்குப் பக்கத்தில், ஆள் கழுத்து உயரத்தில் காத்திருந்தன. புதுசாகக் கல்யாணமான பெண் ஒருத்தி பூவை முகர்ந்துவிட்டு நிமிர்ந்தபோது அவை இறுக்கிப் பிடித்தன. அவள் புருஷன் கழுத்தைச் சுற்றிக் காற்றைப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தான். அவளுக்கு ஒரு வாரம் குரல் வரவில்லை. இதெல்லாம் செய்தித்தாளில் மழை அளவுக்குப் பக்கத்தில் சின்னதாக வந்தது. அக்கா படிப்பாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்து விலக்கியவள் அவள்தான் என்பதால் எந்த அடி எங்கே விழுந்தது என்று அவள் உடம்புக்கே தெரியும். இந்தச் சுற்றலை நிறுத்திவிடலாம் என்று ஒவ்வொரு மாதமும் நினைப்பாள். நிறுத்தினால் தம்பிகள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கிழவர்களாகிவிடுவார்கள் என்ற பயத்தில் மறுபடியும் வேன் சாவியை வாங்கிவருவாள்.

சீமாட்டி மாளிகைக்குப் போனது ஒரு வெயில் நாள். கணவன் போரில் செத்த பிறகு, வீட்டில் தனியாக இருப்பது போலத் தோன்றக்கூடாது என்று ஒரு சீமாட்டி தன் கூடத்தின் சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி பதித்திருந்தாள். அந்தக் கூடத்துக்குள் நுழைந்தால் ஒரு ஆள் நாற்பது ஆள். கண்ணாடிக்காரன் தொழில்காரன் இல்லையா, ரசம் பூசிய விதத்தை மனைவிக்குக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தான். நர்ஸ் எதற்கோ சிரித்தாள். வெல்டர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளே சிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னடா, இங்கயும் ஜன்னல் வேலையா?” என்றான் வெல்டர்.

“ஆமா, உனக்கு வேணும்னா ஒண்ணு மாட்டித் தரேன். தினம் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே தூங்கு.”

வெல்டர் தம்பியின் சட்டையைப் பிடித்துத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தான். மேலிருந்து கீழ்வரை கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. அக்கா ஓடிப்போய் வெல்டரின் முதுகைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் அவன் கொஞ்சம் திரும்பினான். கீழே கிடந்த கண்ணாடிக்காரன் முழ நீளத் துண்டு ஒன்றைத் தன் கையும் கிழியப் பிடித்து எழுந்து, அண்ணனின் விலாவுக்குக் கீழே செருகினான். நாற்பது கண்ணாடிக்காரர்கள் நாற்பது வெல்டர்களைக் குத்தினார்கள். ரத்தம் தரையில் ஓடி, தரையிலும் அவர்கள் முகம் தெரிய ஆரம்பித்தது. நர்ஸ் மண்டியிட்டாள். மணிக்கட்டு வரை கையை அந்தக் காயத்துக்குள் விட்டு, பீச்சிக்கொண்டிருந்த ரத்தக்குழாயைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். “மாமா, கண்ண மூடாதீங்க. என்னப் பாருங்க மாமா” என்றாள். அவள் அவனை முறை சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரி வரை அவள் கையை வெளியே எடுக்கவில்லை. வெல்டர் பிழைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை பேக்கரிகளுக்கு விடுமுறை. அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு பேக்கரிக்காரர் மனைவியோடு சீமாட்டி மாளிகைக்கு வந்தார். உடைந்த கண்ணாடியை எடுத்துவிட்டுக் கூடத்தைப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தார்கள். பேக்கரிக்காரர் வெற்றுச் சுவருக்குப் பக்கத்து நிலைக்கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு, “மாவு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு பாரு” என்று மனைவியைப் பார்த்துத் திரும்பினார். அவருடைய விலாவுக்குக் கீழே சட்டை தானாகக் கிழிந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் மனைவியின் மடியில் செத்துப்போனார்.

ஆஸ்பத்திரியில் அண்ணனின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரனிடம் அக்காதான் அன்று சாயங்காலம் வந்த செய்தித்தாளைக் கொடுத்தாள். அவன் படித்துவிட்டு எழுந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். இன்ஸ்பெக்டர் பொறுமைசாலி.

“சம்பவம் நடந்த நேரத்துல நீ எங்க இருந்த?”

“ஆஸ்பத்திரில சார். அண்ணன் பக்கத்துல.”

“பாத்தவங்க?”

“டாக்டருங்க, நர்ஸுங்க, எல்லாரும் பாத்தாங்க சார்.”

“அப்புறம் என்னய்யா? வீட்டுக்குப் போ. முந்தாநாள் போட்ட குத்துக்கு இன்னிக்குப் பிடிச்சு உள்ள வைக்க எங்கிட்ட சட்டம் இல்ல.” அண்ணனும் புகார் தர மாட்டேன் என்றுவிட்டான்.

அக்கா அன்று வேனைக் கொண்டுபோய் ஸ்கூலில் விட்டுவிட்டு, அதிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கைகள் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி இருந்தன. வண்டி ஓட்டிக்கொண்டு போனது நான்தானே என்று அவளுக்குத் தோன்றியது. இழுக்காமல் இருந்திருந்தால் வெல்டர் திரும்பியிருக்க மாட்டான், குத்து எங்கேயோ கையில் பட்டுப் போயிருக்கும் என்றும் தோன்றியது. அடுத்த மாதம் அவள் சாவி கேட்கப் போகவில்லை. அதற்கடுத்த மாதமும் போகவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

வயிற்றில் தையல் காய்ந்ததும் வெல்டர் தானாக அக்கா வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“ஏரிக்கரைக்குப் போகணும் அக்கா. நீயும் நானும் மட்டும்.”

“எதுக்குடா?”

“அம்மா கன்னத்துல என் கையைப் பாத்தேன். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரிய வேணாமா?”

போனார்கள். வெல்டர் மரத்தடியில் நின்று கண்ணை மூடிக்கொண்டான். வெளியூர்க்காரர்கள் சிலர் வேடிக்கை பார்த்தார்கள். அறை வந்தது. அவ்வளவு பெரிய உடம்பு ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தது. காதிலிருந்து ரத்தம் வந்தது. அவன் எழுந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் வரிசையில் அடுத்து நின்றவர் பொறுமை இழந்து மரத்தடிக்குப் போனார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொருவர் போனார், குதித்துப் பார்த்தார், கன்னத்தைக் காட்டிக் காட்டிப் பார்த்தார். காற்றுதான் வீசியது. கடைசியில் அக்கா போய் நின்றாள். முதல் தடவையாக அந்த இடத்திலிருந்து ஏரியை நிதானமாகப் பார்த்தாள். மாமியார்களிடம் மருமகன்கள் சொன்னதை விட அழகாகவே இருந்தது. அடித்தவனே வந்து வாங்கிக்கொண்டால் அடி தீர்ந்துவிடும் என்று இப்படித்தான் தெரிந்தது. ஐஸ் வண்டிக்காரர் மட்டும் அவர்களை முறைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மறுபடி வேன் எடுத்தாள். இந்தத் தடவை நர்ஸ் மருந்துப் பெட்டியோடு ஏறினாள். அந்த வருஷம் முழுக்க அவர்கள் போன இடங்களுக்கெல்லாம் திரும்பிப் போனார்கள். கண்ணாடிக்காரன் அருவிப் பாறையில் தன் உதையை வாங்கித் தண்ணீரில் விழுந்து, விலா எலும்பு ஒன்று உடைந்து கரையேறினான். வெல்டர் கோட்டையில் தன் நெற்றியாலேயே தன் மூக்கை உடைத்துக்கொண்டான். ரோஜாத் தோட்டத்தில் கண்ணாடிக்காரனின் நாக்கு வெளியே தள்ளி, முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. விரல்கள் விடுகிற வரைக்கும் நர்ஸ் தலையைத் திருப்பவில்லை. சில அடிகள் யாருடையவை என்று அவர்களுக்கே குழப்பம் வரும். “இது உன்னுது”, “இல்ல, உன்னுதுதான்” என்று நின்று வாதாடுவார்கள், அக்கா தீர்ப்புச் சொல்வாள். ஒரு படகுத்துறையில் கிடந்த குத்து யாருடையது என்று தெரியாமல் இரண்டு பேரும் ஒன்றாகப் போய் நின்றார்கள். அது வெல்டரைத் தாண்டிப் போய்ச் சரியாகக் கண்ணாடிக்காரன் வாயில் விழுந்தது. பல்லைத் துப்பிக்கொண்டே அவன் சிரித்தான். அம்மா வேனுக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இறங்கிவந்து, போதும் விடுங்கடா என்று ஒருநாளும் சொல்லவில்லை.

கடைசியில் கண்ணாடிக் கூடம் மட்டும் பாக்கி இருந்தது. அதைப் பூட்டிவைத்திருந்தார்கள். ஒட்டடை அடிக்கப் போன ஒரு பணியாளருக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்துபோனதாகச் சேதி வந்தது. கண்ணாடிக்காரன் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவான். சாப்பாடு இறங்கவில்லை. வேலையில் அறுக்கிற கண்ணாடியெல்லாம் கோணலாகப் போனது. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் அந்தப் பேக்கரிக்குப் போனான். பேக்கரிக்காரரின் மனைவி ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவள் கத்தியை நிறுத்தவில்லை. முழு ரொட்டியும் வெட்டி முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

“மத்த அடியெல்லாம் வாங்கிட்டியா?”

“வாங்கிட்டேன்மா.”

“இது?”

“இன்னும் இல்லம்மா.”

“என்னிக்குன்னு சொல்லி அனுப்பு. நான் வரணும்” என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை போனார்கள். நர்ஸ் முந்தின நாளே ஆஸ்பத்திரியில், நாளைக்குப் பதினோரு மணிக்கு ஒரு கத்திக்குத்து வரும், ஆபரேஷன் தியேட்டரைத் தயாராக வைத்திருங்கள் என்று சொல்லியிருந்தாள். அவளோடு நீண்ட நாள் வேலை பார்த்த டாக்டர் சரி என்றார். மாளிகைக் காவலாளி கூடத்தைத் திறந்துவிட்டு வாசலோடு நின்றுகொண்டார். பேக்கரிக்காரரின் மனைவி பஸ்ஸில் தனியாக வந்திருந்தாள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். அவளை உட்காரச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

கண்ணாடிக்காரன் அந்த வெற்றுச் சுவருக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டான். வெல்டர் பின்னால் வந்து அவன் அக்குள்களில் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டான்.

“மூச்ச உள்ள இழுத்துப் பிடிக்காத. வெளிய விடு. வயித்த இறுக்கினா இன்னும் ஆழமா போகும்.”

“ரொம்ப வலிக்குமா அண்ணே?”

தம்பி அவனை அண்ணன் என்று கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பொய் சொல்லலாமா என்று வெல்டர் பார்த்திருப்பான்.

“முதல்ல ஜில்லுனு இருக்கும். அப்புறம்தான் தெரியும். கத்தணும்னா கத்து, நான் விட மாட்டேன்.”

இரண்டு பேரும் ஒன்றாக அந்த நாலடியை நடந்தார்கள். குத்து இறங்கியது. கண்ணாடிக்காரன் வாயைத் திறந்தான், முதலில் சத்தமே வரவில்லை. பிறகு அவன் உடம்பு ஒருபக்கமாக முறுக்கியது. அன்றைக்குக் குத்தியதோடு விடாமல் தான் துண்டைத் திருகியும் இருந்தது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. எல்லாக் கண்ணாடிகளிலும் ஒரு அண்ணன் ஒரு தம்பியைத் தாங்கிப் பிடித்திருக்க, தம்பியின் வயிறு தானாகப் பிளந்து கொட்டியது. அவன் போட்ட கூச்சலில் வெளியே மரத்திலிருந்த பறவைகள் கிளம்பிப் போயின. அக்கா இந்தத் தடவை யாரையும் பிடித்து இழுக்கவில்லை. ஓடிப்போய் வேனைக் கிளப்பினாள். நர்ஸ் தன் கையைப் புருஷனின் வயிற்றுக்குள் விட்டுப் பிடித்தபடியே கூட நடந்து வந்து வண்டியில் ஏறினாள்.

“அம்மா, கால எடுத்து மேல வெச்சுக்க. இன்னிக்குப் பிரேக்கத் தொட்டன்னா உன் புள்ள செத்துடுவான்” என்றாள் அக்கா. அம்மா இரண்டு காலையும் தூக்கி சீட்டின்மேல் மடக்கி வைத்துக்கொண்டாள். அந்தப் பாதையில் இருந்த ஒவ்வொரு வளைவையும் அக்கா, தன்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு ஒருநாளும் சொல்லித்தராத விதத்தில் எடுத்தாள்.

கண்ணாடிக்காரன் பிழைத்தான். மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். உடம்பு நிரந்தரமாக இடதுபக்கம் சாய்ந்துவிட்டது, ஏணி ஏறும் வேலை போயிற்று. அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு கட்டித் தழுவிக்கொண்டார்கள் என்றெல்லாம் இல்லை. பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன இடத்தில் இறங்கி நடந்து, பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அவர்கள் போய்வந்த பிறகு அங்கெல்லாம் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அன்றைக்கு வேன் கிளம்பிய பிறகு மாளிகையில் நடந்ததைக் காவலாளி அக்காவிடம் பின்னொரு நாள் சொன்னார். பேக்கரிக்காரரின் மனைவி, பணியாளர்கள் தரையைக் கழுவி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு ஈரத்தில் வழுக்காமல் நடந்துபோய், தன் புருஷன் நின்ற அதே இடத்தில் நின்றாள். காவலாளி, வேண்டாம்மா என்று கத்தினார். அவள் கேட்கவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், திரும்பினாள், மறுபடி நின்றாள். எதுவும் வரவில்லை. கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“மாடிக்கு எந்தப் பக்கமாப் போகணும்?” என்று காவலாளியிடம் கேட்டாள். “அன்னிக்கு நாங்க கீழ் வீடு மட்டும்தான் பாத்தோம்.”

காவலாளி படிக்கட்டைக் காட்டினார். அவள் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறிப்போய், சீமாட்டியின் படுக்கையறை, பாட்டு அறை, தோட்டம் தெரியும் நீள வராந்தா எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பார்த்தாள்.